நான் ஏன் கட்டைவிரல் போடவில்லை



நீளமான பதிவு இது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மகன் ஒரு வீடியோ போட்டான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் அவள் தோழிகள் நாலு பேரும் சேர்ந்து செய்த குழுச் செயல்திட்டம். தலைப்பு 'தண்ணீரைச் சேமிப்போம்'. ஒன்றரை நிமிட அனிமேஷன் இன்ஃபோகிராஃபிக். வட்டங்கள் சுழல்கின்றன, பட்டைகள் எழும்புகின்றன, எண்கள் ஓடி வந்து நிற்கின்றன, பின்னால் பியானோ. இருபதுக்கு இருபது மார்க். குழுவில் முப்பத்தெட்டுப் பேர். கட்டைவிரல், கைதட்டல், பூங்கொத்து என்று கொட்டிவிட்டீர்கள்.

நான் மட்டும் எதுவும் போடவில்லை. மதுரையிலிருந்து மதினி போன் பண்ணி, "என்ன, மகன்கிட்ட கோபமா?" என்று கேட்டார்கள். தம்பி மகள், "அத்தை, வீடியோ ஓப்பன் ஆகலையா? திரும்ப அனுப்பவா?" என்று கேட்டாள். ஓப்பன் ஆயிற்று அம்மா. நாலு தடவை பார்த்தேன். கோபம்தான். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். என் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, வாங்கிக்கிறேன்" என்றான்.

முதலில் அந்த வீடியோவில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் பனிமலை. அப்புறம் ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி நிரம்புகிறது. ஒரு தடவை குளித்தால் இத்தனை லிட்டர் வீணாகிறது என்று எண் வருகிறது. எந்த நாட்டுக் கணக்கோ தெரியவில்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டிலாவது குளியல் தொட்டி இருக்குமா? நம் வீடுகளில் வாளியும் கப்பும்தானே. அடுத்து இரண்டு வாளிப் படம். சேமிக்காத வீடு இரண்டு பங்கு செலவழிக்கிறதாம், அதனால் அந்த வாளியை இரண்டு மடங்கு உயரம், இரண்டு மடங்கு அகலமாகப் போட்டிருக்கிறார்கள். பரப்பளவு பாடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் இரட்டித்தால் படம் நாலு மடங்காகிவிடும். எண் இரண்டு என்கிறது, கண் நாலு என்கிறது. அந்தப் பொய்யை ஐந்து பேரில் ஒருத்தியும் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. ஏனென்றால் அந்த வாளியை அவர்கள் வரையவில்லை. ஆப்பில் தயாராக இருந்த டெம்ப்ளேட்டை என் மகன் எடுத்து, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து முடித்தான். பிள்ளைகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோபம் அதற்குக்கூட இல்லை. இனி சொல்லப்போவதற்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நானும் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு பிள்ளை கையில் நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். அவள் வீட்டில் பட்டன் போன்தான். ஆப், டெம்ப்ளேட் எதுவும் அவளுக்குத் தெரியாது. தலைப்பு தண்ணீர் என்று மிஸ் சொன்னவுடன் அவள் செய்தது என்ன தெரியுமா? அவர்கள் தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்ல தண்ணீர் வரும். நாலு முறை தண்ணீர் வந்தபோதும் குழாயடியில் நின்று, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, யார் வீட்டுக்கு எத்தனை குடம் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள்.

நோட்டை நீட்டினாள். என் மகன் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. ஆனா இது வேண்டாம், நெட்ல நல்ல டேட்டா இருக்கு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கொடுத்த வேலை, கடைசியில் "ஒவ்வொரு சொட்டும் முக்கியம்" என்று மைக்கில் சொல்வது. மூன்று தடவை சொல்ல வைத்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? முறுக்குத் தட்டை எடுத்து வைத்தேன். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவள், வாயைத் திறக்கவில்லை. மகன் வீடு, பேத்தியின் மார்க், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இந்தப் பதிவில் யாரைத் திட்டினாலும் அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் 'ஸ்கூல் புராஜெக்ட் செய்து தரப்படும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒளிவுமறைவு இல்லை. முன்பு சார்ட் பேப்பரும் தெர்மகோலும், இப்போது வீடியோ. அப்பா செய்கிறார், அக்கா செய்கிறாள், கடைக்காரர் செய்கிறார். பிள்ளை பென் டிரைவைச் சுமந்துகொண்டு போகிறது. தபால்காரருக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?

குழு வேலை என்று ஏன் வைத்தார்கள்? நாங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது கில்பாட்ரிக்கின் செயல்திட்ட முறை என்று ஒரு பாடம். அமெரிக்காவில் 1918-இல் அவர் எழுதியது. பிள்ளை தனக்கென்று ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு முழுமனதோடு இறங்கிச் செய்வதுதான் செயல்திட்டம் என்பது அதன் சாரம். பரீட்சைக்காக உருப்போட்டோம், அப்புறம் வகுப்புக்குப் போனபோதுதான் புரிந்தது. நம் மாநிலத்தில் 2012-இல் முப்பருவ முறை வந்தபோது நூற்றில் 60 மார்க் எழுத்துத் தேர்வுக்கு, 40 மார்க் வளரறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். அதில் 20 செயல்பாடுகளுக்கு. மனப்பாடம் வராத பிள்ளையும், எழுத்து அழகில்லாத பிள்ளையும், கையாலும் காலாலும் கற்கிற பிள்ளையும் மேலே வரட்டும் என்பதற்காக ஒதுக்கிய இடம் அது. நல்ல நோக்கம். அந்த இடத்தில்தான் இன்று லேப்டாப் இருக்கிற வீடு வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எழுத்துத் தேர்விலாவது அப்பா வந்து எழுத முடியாது.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வோம். தேர் இழுப்பதைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வடத்தைத் தொடுகிறவர்கள் எல்லாரும் இழுக்கிறவர்கள் இல்லை. குழு வேலையும் அப்படித்தான். ஆனால் தேரில் ஒரு நியாயம் உண்டு. இழுக்கிறவனை வடத்தை விட்டு விலகச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் அந்த ஹாலில் அதைச் செய்தோம். உண்மையாக இழுத்த ஒருத்தியின் கையிலிருந்து வடத்தை வாங்கிவிட்டு, "நீ சங்கு ஊது" என்றோம்.

இன்ஃபோகிராஃபிக் என்றதும் கலர், அசைவு, இசை என்று நினைக்கிறோம். தகவலைப் படமாக்குவது பழைய வித்தை. அது எப்படிப் பிறந்தது என்று மூன்றே மூன்று பேரை வைத்துச் சொல்கிறேன்.

1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். இறந்தவர்கள் எந்த வீட்டுக்காரர்கள், எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று நேரில் போய் விசாரித்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பிறகு தெரு வரைபடத்தில், சாவு நடந்த வீடுகளின் பக்கத்தில் ஒரு சாவுக்கு ஒரு கறுப்புக் கோடாக அடுக்கிக் காட்டினார். கோடுகள் அந்தப் பம்பைச் சுற்றிக் குவிந்து நிற்கும். இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். அதில் கலர் இல்லை, அசைவு இல்லை. ஒரு மனிதர் கதவைத் தட்டி எண்ணிய கணக்கு இருக்கிறது. பிராட் தெருப் பம்புக்கும் நம் பிள்ளையின் தெருக்குழாய்க்கும் எவ்வளவு தூரம்? அவளும் அதே வேலையைத்தான் செய்தாள்.

இரண்டாமவர் வியன்னாவின் ஓட்டோ நொய்ராத். எழுத்தறிவு குறைந்த உழைப்பாளிகளுக்கும் ஊர்க் கணக்கு புரிய வேண்டும் என்று 1925-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அவர் வைத்த விதி எளிமையானது: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தைக் கூடுதலாக அடுக்கு. இரண்டு பங்கு தண்ணீர் என்றால் இரண்டு வாளி. ஒரு ராட்சத வாளி கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் சொல்லி வைத்த விதியை இருபதுக்கு இருபது வாங்கிய வீடியோ மீறியிருக்கிறது, மார்க் போட்டவரும் கவனிக்கவில்லை.

மூன்றாமவர் ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். 2006-இல் அவர் பேசிய உரையை உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. வருடம் ஓட ஓடக் குமிழிகள் நகர்கின்றன. அங்கே அசைவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அசைவு என்றால் காலம். வருடம் மாறுகிறது, அதனால் குமிழி நகர்கிறது. காலம் மாறாத இடத்தில் எதை ஆட்டினாலும் அது வெறும் ஆட்டம். அதே மனிதர் 2010-இல் உலக மக்கள்தொகையை விளக்க மேடையில் சாதாரணப் பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். கம்ப்யூட்டர் குமிழிகளால் பெயர் வாங்கியவருக்குப் பெட்டிகளே போதுமாக இருந்தன, ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் விஷயம் இருந்தது.

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தக் குழாயை நம்பி 19 வீடுகள். முதல் முறை தண்ணீர் வந்தது 70 நிமிடம், பிடித்தது 68 குடம். இரண்டாம் முறை 60 நிமிடம், 57 குடம். மூன்றாம் முறை 55 நிமிடம், 51 குடம். நாலாம் முறை 45 நிமிடம், 40 குடம். மொத்தம் 216 குடம். பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் என்று அவளே தண்ணீர் பாட்டிலால் அளந்து ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஆக 3,240 லிட்டர். எட்டு நாளைக்கு, 19 வீட்டுக்கு. வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 21 லிட்டர், ஒன்றரைக் குடம்கூட இல்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புறத்துக்கு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆளுக்கு. மற்ற புழக்கத்துக்கு அந்தத் தெருவில் உப்புத் தண்ணீர் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கில் கள்ளம் கூடாது. ஆனால் குடிக்கவும் உலை வைக்கவும் இதுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையில் கடைசியாக நிற்கும் வீட்டை மட்டும் தனியாக எழுதியிருந்தாள். முதல் முறை 3 குடம், அப்புறம் 2, அப்புறம் 1, கடைசியில் 1. மொத்தம் ஏழு. சராசரி வீட்டுக்குக் கிடைத்தது பதினொன்றுக்கு மேல். அந்தக் கடைசி வீடு யாருடையது என்று கேட்டேன். "எங்க வீடுதான் ஆச்சி" என்றாள்.

இந்த நோட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பனிமலையைப் போட்டோம். அவளுக்கு நாங்கள் கொடுத்த வசனம் "ஒவ்வொரு சொட்டும் முக்கியம்". எட்டு நாளைக்கு ஏழு குடத்தில் குடும்பம் நடத்துகிற வீட்டுப் பிள்ளைக்குச் சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறோம். நான் ஏன் கட்டைவிரல் போடவில்லை என்று இப்போது புரிகிறதா?

இதைப் படித்துவிட்டு, டீச்சர் யோக்கியம் பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். என் கணக்கில் ஒரு பழைய பாவம் இருக்கிறது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். அப்போது பள்ளிக் கண்காட்சியில் எல்லாரும் அதையேதான் மாதிரியாகச் செய்தார்கள். ஒரு பையன் கடையில் செய்து வாங்கிய தெர்மகோல் வீடு கொண்டு வந்தான். பச்சைப் புல், நீலக் குழாய், குட்டி பல்பு. இன்னொரு பையன் அடி உடைந்த குடத்தில் சரளை, மணல், அடுப்புக்கரி அடுக்கி, கலங்கல் தண்ணீரை ஊற்றினான். கீழே தெளிந்து சொட்டியது. நடுவராக உட்கார்ந்திருந்த நான் முதல் பரிசை யாருக்குக் கொடுத்தேன்? தெர்மகோலுக்கு. மேசையெல்லாம் ஈரமாகிவிட்டது என்று குடத்துக்காரனைச் சத்தமும் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். தம்பி, நீ இதைப் படித்தால், அந்தப் பரிசு உன்னுடையது. இருபது வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

சரி, நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு வருகிறேன். குடும்பக் குழுவில் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.

"இது கம்ப்யூட்டர் காலம், பிள்ளைகள் டெக்னாலஜி கற்க வேண்டாமா?" வேண்டும். நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. இந்தப் பதிவையே போனில் குரலால் சொல்லி, அப்புறம் பிழை திருத்திப் போடுகிறேன். ஆனால் அந்த ராத்திரி டெக்னாலஜி கற்றது யார்? என் மகன். அவன் ஏற்கெனவே கற்றவன். பேத்தியை உட்கார வைத்து, "ஒரு விநாடிக்கு எத்தனை படம் போனால் அசைவதுபோலத் தெரியும்?" என்று கேட்டேன். முழித்தாள். சினிமாவில் 24 படம். அனிமேஷன் செய்தேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அனிமேஷன் என்றால் என்ன என்று தெரியவில்லை.

"எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், என் பிள்ளை மட்டும் மார்க்கை விட வேண்டுமா?" இதுதான் உண்மையான பயம், இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் யோசியுங்கள். உங்கள் பிள்ளைக்கு வந்த இருபதும் உங்களுக்கு வந்த இருபதுதான். அதைவிடக் கெட்டது ஒன்று நடக்கிறது. 'நான் செய்தால் அழகாக வராது, அப்பா செய்தால்தான் வரும்' என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மட்டும் நாம் ரொம்ப நன்றாக நடத்துகிறோம்.

"குழுவில் ஆளுக்கு ஒரு வேலைதானே டீச்சர், ஒருத்தி பேசினாள், ஒருத்தி எழுதினாள்." ஆபீசில் அது சரி. அங்கே வேலை முடிய வேண்டும், அதனால் தெரிந்தவனிடம் தெரிந்த வேலையைக் கொடுக்கிறார்கள். பள்ளியில் வேலை முடிவது முக்கியமில்லை, ஆள் வளர்வதுதான் முக்கியம். நன்றாகப் பேசுகிறவளே எப்போதும் பேசினால், பேசத் தெரியாதவள் எங்கே போய்க் கற்பாள்? லேப்டாப் இருக்கிறவளே எடிட்டிங் செய்தால், இல்லாதவள் வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"ஆசிரியருக்கு நேரம் எங்கே?" என் மாணவர்களில் இருபது பேராவது இப்போது ஆசிரியர்கள். இந்தக் கேள்வி உங்களுடையது. பதிவேடு, ஆப்பில் ஏற்றுவது, கூட்டம், பயிற்சி, எல்லாம் எனக்கும் தெரியும். உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று. வகுப்பில் நடக்க வேண்டிய வேலையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். வீட்டுக்குப் போன நிமிடமே அது பிள்ளையின் வேலையாக இருப்பது நின்றுவிடுகிறது, வீட்டின் வசதிக்குப் பரீட்சை ஆகிவிடுகிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் ஐந்து பேராக எட்டுக் குழு. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம், ஒரு கேள்வி. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" அது போதும். அப்பா செய்த வீடியோ அந்த ஒரு கேள்வியில் உடைந்துவிடும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கிழவி புலம்பல். எப்படிச் செய்யலாம் என்றும் சொல்கிறேன். ஐந்து பாடவேளை போதும், எல்லாம் பள்ளியிலேயே.

முதல் வேளை, கேள்வி. 'தண்ணீரைச் சேமிப்போம்' என்பது தலைப்பே இல்லை, சுவரில் எழுதும் வாசகம். 'எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது?' என்பது கேள்வி. அல்லது 'நம் பள்ளியில் ஒழுகும் குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது?' பிள்ளைகளே எண்ணி விடை காணக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்.

இடையில் ஒரு வாரம், எண்ணிக்கை. ஐந்து பேரும் எண்ண வேண்டும். ஒழுகும் குழாய் என்றால் அடியில் ஒரு டம்ளரை வைத்து நிமிடம் பார்க்கட்டும். சொட்டு ஒன்று சுமார் இருபதில் ஒரு பங்கு மில்லி லிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்கு மேல். இந்தப் பெருக்கலைப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கும்போது அதன் முகத்தில் வருவதை எந்த ஆப்பும் கொண்டுவராது.

இரண்டாம் வேளை, காகிதத்தில் கட்டம் போட்டு, முதலில் என்ன தெரியும், அடுத்து என்ன தெரியும் என்று பென்சிலால் வரைவது. ஒரு கட்டத்துக்கு ஒரு செய்தி. பட்டை வரைந்தால் அடி பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 40-ஐயும் 44-ஐயும் வரையும்போது அடியை 38-இல் வைத்தால், ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். பத்திரிகையிலும் டிவியிலும் நம்மை இப்படி ஏமாற்றுகிறார்கள். ஏழாம் வகுப்பிலேயே அது பிடிபட்டுவிட்டால் அந்தப் பிள்ளையைப் பிற்காலத்தில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

மூன்றாம், நாலாம் வேளை, படம் எடுப்பது. பள்ளியில் ஒரு போன் போதும், ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். போனை இரண்டு பெஞ்சுக்கு நடுவில் கட்டையில் படுக்க வைத்துக் கட்டிவிடுங்கள். கீழே கறுப்பு சார்ட். ஒரு குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை. ஒன்று வைத்ததும் ஒரு படம், அடுத்தது வைத்ததும் ஒரு படம். கொட்டை வைப்பவள், படம் எடுப்பவள், எண்ணிச் சொல்பவள், நோட்டைப் பார்த்துச் சரிபார்ப்பவள், பேசுபவள் என்று ஐந்து வேலை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். எல்லாரும் போனைத் தொட வேண்டும், எல்லாரும் பேச வேண்டும். படங்களை வரிசையாக ஓட்டினால் அது அனிமேஷன். குடம் நிறைய நிறையக் கொட்டை ஏறுகிறது, முறைக்கு முறை வரிசை குட்டையாகிறது. அசைவுக்கு அர்த்தம் வந்துவிட்டது.

ஐந்தாம் வேளை, போட்டுக் காட்டுவதும் கேள்வி கேட்பதும். மார்க்கை இப்படிப் பிரியுங்கள்: எண்ணிய நோட்டுக்கு 8, பென்சில் கட்டங்களுக்கு 4, தனித்தனிக் கேள்விக்கு 5, வீடியோவுக்கு 3. வீடியோவுக்கு மூன்றுதான் என்று தெரிந்துவிட்டால் எந்த அப்பாவும் ராத்திரி ஒரு மணி வரை உட்கார மாட்டார். ஜெராக்ஸ் கடை போர்டும் தானாக இறங்கிவிடும்.

பெற்றோராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. வீட்டுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் உதவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதவுங்கள். கேள்வி கேளுங்கள், மௌஸைத் தொடாதீர்கள். கோணலாக வந்தால் கோணலாகவே போகட்டும். குழுவில் வசதி குறைந்த பிள்ளை ஒன்று வந்தால், அது கையில் என்ன கொண்டு வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மார்க் ஏற்றியாகிவிட்டது, இனி அதில் மாற்றம் இல்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "மார்க் இல்லாத வேலைக்கு யாரும்மா வருவா?" என்று மகன் கேட்டான். ஐந்து பேரும் வருகிறார்கள். அவனை அன்றைக்கு மளிகைச் சாமான் வாங்க அனுப்பிவிடப் போகிறேன்.

நோட்டு வைத்திருக்கிற பிள்ளைதான் எண்ணிச் சொல்லப் போகிறாள். 216 குடத்துக்கு 216 புளியங்கொட்டை. விநாடிக்கு ஆறு படம் வீதம் ஓட்டினால் 36 விநாடி வரும். வீட்டில் புளி உடைத்ததில் நூற்றைம்பது கொட்டைதான் தேறியது. பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்கள் யாராவது கொட்டை வைத்திருந்தால் கொடுத்து அனுப்புங்கள். முடித்ததும் குடும்பக் குழுவில் போடுகிறேன். கட்டைவிரல் வேண்டாம். பார்த்துவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதுங்கள். பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.